மூன்றே வேரோடு மிஞ்சிய ஃபெலனாப்சிஸ்

2022 ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை. பால்கனியில் பழைய செய்தித்தாளை விரித்து, ஆர்க்கிட் தொட்டியை அதன் மேல் கவிழ்த்தேன். ஊறிப்போன சாக்கின் வாடை குப்பென்று அடித்தது. மண்ணுக்குப் பதிலாக அடைத்திருந்த பாசி, தொட்டியின் வடிவம் மாறாமல் உருண்டையாக வந்து விழுந்தது. அதற்குள் பழுப்பாகச் சுருண்டு கிடந்தவை வேர்கள். ஒன்றை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தேன். மேல்தோல் ஈரக் காகிதம் போல வழுக்கிக் கையோடு வந்துவிட்டது. தையல் நூல் பருமனில் ஒரு நரம்பு மட்டும் செடியில் தொங்கியது. இருபது வேருக்குக் குறையாமல் இருந்திருக்கும். அழுத்திப் பார்த்ததில் கெட்டியாக இருந்தவை மூன்றே மூன்று.

அந்த ஆண்டு பிப்ரவரியில் சென்னை சேலையூரில் புது வீட்டுக்குக் குடிவந்தபோது நாத்தனார் ஆசையோடு கொண்டுவந்து கொடுத்த வெள்ளைப் பூச்செடி அது. ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகை. அந்தப் பெயருக்குக் கிரேக்கத்தில் அந்துப்பூச்சியைப் போன்றது என்று பொருள். பூ உண்மையாகவே சிறகு விரித்த அந்து போலத்தான் இருக்கும். பளபளப்பான பீங்கான் தொட்டி, அடியில் துளை கிடையாது. துளசிக்கு ஊற்றுகிற கையோடு தினமும் இதற்கும் ஒரு டம்ளர் ஊற்றிவந்தேன். பூ இரண்டு மாதம் வாடாமல் நின்றதால் செடிக்கு ஒரு குறையும் இல்லை என்றே நம்பினேன். கத்திரி வெயில் தொடங்கியதும் இலைகள் தொய்ந்து, தோல் சுருங்கின. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன்.

தாகம்தான், ஆனால் தண்ணீர் இல்லாததால் வந்த தாகம் இல்லை. உறிஞ்ச வேர் இல்லாததால் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம். ஆர்க்கிட் இலை சுருங்கினால் ஊற்றுவதற்கு முன்னால் வேரைப் பாருங்கள் என்று இப்போது கேட்பவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்.

பள்ளியில் எல்லோரும் படித்ததுதான்: தொற்றுத் தாவரம், வெலாமன் திசு, எடுத்துக்காட்டு வாண்டா. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த வெலாமன் என்பது என் விரலில் வழுக்கி வந்த அதே மேல்தோல் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நல்ல வேரில் அது பஞ்சு போன்ற உறை. காய்ந்திருக்கும்போது உள்ளே காற்று நிறைந்து வெள்ளி நிறமாகத் தெரியும். தண்ணீர் பட்டால் சில நொடிகளில் குடித்து, அடியில் உள்ள பச்சை வெளியே தெரியும். மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு, மழை பெய்யும்போது குடித்து, காற்றடிக்கும்போது காய்கிற வாழ்க்கைக்காக அமைந்த வேர் அது. இறுகிய பாசிக்குள் வைத்து நாள் முழுதும் நனைத்தால் மூச்சு முட்டிச் சாகிறது. அதற்குப் பிறகுதான் அழுகல் பூஞ்சை வருகிறது. முதல் குற்றவாளி பூஞ்சை இல்லை, காற்றில்லாமை.

கத்தரிக்கோலை அடுப்புத் தீயில் காட்டி ஆறவிட்டு, அழுகியதை எல்லாம் வெட்டினேன். பாசி உருண்டையின் நடுவில், செடியின் கழுத்துக்கு நேர் கீழே, இன்னொரு சின்னப் பாசிக் கட்டி இறுக்கமாக இருந்தது. நர்சரியில் குட்டிச் செடியாக இருந்தபோது வைத்தது. வெளிப்பாசி காய்ந்தாலும் அந்த நடுக்கட்டி காயாது. வாங்கிவந்த ஃபெலனாப்சிஸில் பூ முடிந்ததும் இதைத் தேடி எடுத்துவிடுங்கள். கார்பென்டாசிமும் மாங்கோசெப்பும் கலந்த பூஞ்சைமருந்துப் பொடியை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, மீந்த வேர்களையும் அடித்தண்டையும் 10 நிமிடம் முக்கி எடுத்தேன். கையுறை போட்டுக்கொண்டுதான். பிறகு ஒரு முழு நாள் நிழலில், ஃபேன் காற்றில், வெறும் தரையில் கிடத்தினேன். வெட்டுக்காயம் காய அந்த ஒரு நாள் வேண்டும். வேர் வெட்டில் சமையலுக்குப் போடும் பட்டைப்பொடி தடவச் சொல்வார்கள். அது ஈரத்தை உறிஞ்சி நல்ல வேரையும் காயவைக்கும் என்பதால் இலையில் வெட்டு விழுந்த இடத்துக்கு மட்டும் வைத்தேன்.

மூன்று வேரோடு நேராகத் தொட்டியில் வைத்தால் பிழைக்காது. இலை வழியாகப் போகிற ஈரத்துக்கு மூன்று வேர் ஈடு கொடுக்க முடியாது. அதனால் சுற்றியுள்ள காற்றை ஈரமாக்க வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை இடுப்பளவில் அறுத்து, அடியில் ஒரு பிடி பாசியை நனைத்துப் பிழிந்து தளர்வாகப் பரப்பினேன். அதன் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, கிண்ணத்தின் மேல் செடியை உட்காரவைத்தேன். பாசியைத் திட்டிவிட்டு அதையே வைக்கிறேனே என்று தோன்றலாம். பாசி கெட்டதில்லை, அதைத் திணித்து அடைப்பதுதான் கெட்டது. கேனின் வாயை மூடவில்லை. சென்னையின் ஜூன் வெயிலில் மூடினால் உள்ளே வெந்துவிடும். ஹாலில் வடக்குப் பார்த்த ஜன்னலை விட்டு இரண்டடி தள்ளி வைத்தேன். மூன்று வேரிலும் காலையில் மட்டும் தண்ணீர் தெளிப்பு. இரண்டு கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. பதறவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நடு இலை நிமிர்ந்தே இருந்தது, அதைப் பார்த்துத் தைரியம் வந்தது.

47ஆம் நாள் காலை, அடித்தண்டில் இலை விட்ட வடுவுக்குப் பக்கத்தில் ஒரு புடைப்பு. கடுகை விடக் கொஞ்சம் பெரிது. லேசாகச் செம்மை ஓடிய பளபளப்பான பச்சை. முளைப்பயறின் மூக்கு எட்டிப் பார்ப்பது போல இருந்தது. அடுத்த பத்து நாளில் இன்னும் இரண்டு. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆகஸ்டில் தொட்டிக்கு மாற்ற மீடியா, அதாவது மண்ணுக்குப் பதில் நிரப்பும் கலவை, தயார் செய்தேன். எங்கள் தெரு முனை இஸ்திரிக் கடையில் இன்னும் கரிப்பெட்டிதான். பக்கத்துத் தெருக்களில் பலர் கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டார்கள்.

"அண்ணே, கரி ஒரு ரெண்டு கிலோ விலைக்குக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"செடி வைக்கண்ணே."

"கரியிலயா? மண்ணு?"

"மண்ணே வேணாம் இதுக்கு."

அவர் நம்பாமல்தான் கொடுத்தார். ஆனால் பெரிய கட்டிகளாகப் பொறுக்கிக் கொடுத்தார். அதைக் கட்டைவிரல் நுனி அளவுக்கு உடைத்து, தூள் போகும் வரை கழுவினேன். மரக்கரிதான் வேண்டும், பார்பெக்யூவுக்கு விற்கிற அழுத்திச் செய்த கரி ஆகாது, அதில் பசையும், சிலவற்றில் எரியூட்டியும் கலந்திருக்கும். அடுத்தது தேங்காய் மட்டை. நார்க்கழிவு இல்லை, மட்டையையே ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டியது. மட்டையில் உப்பும் துவர்ப்பும் நிறைய இருக்கும். பக்கெட்டில் ஊறப்போட்டு, தினம் தண்ணீரை மாற்றி, டிகாக்‌ஷன் நிறம் வெளிறி வைக்கோல் நிறமாகும் வரை ஒரு வாரம் விட்டேன். மூன்றாவது, உடைந்த கூரை ஓட்டுச் சில்லு. கரி இரண்டு பங்கு, மட்டை இரண்டு, ஓடு ஒன்று.

தொட்டி 4 அங்குல ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். ஆணியைச் சூடாக்கிப் பக்கவாட்டிலும் 16 துளை போட்டேன். செடியை நேராக வைக்காமல் ஒரு பக்கம் சாய்த்து வைத்தேன். காட்டில் ஃபெலனாப்சிஸ் மரத்தண்டில் பக்கவாட்டில் தொங்கித்தான் வளர்கிறது. மழைநீர் இலை வழியே கீழே ஓடிவிடும். நாம் நிமிர்த்தி நடும்போது நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கி, குருத்து அழுகும். இப்போதும் தெளித்த பிறகு குருத்தில் சொட்டு நின்றால் டிஷ்யூவைத் திரித்து உறிஞ்சிவிடுகிறேன். இன்னொன்று, செடி ஆடக் கூடாது. புது வேர் நுனி கண்ணாடி மாதிரி, ஓர் ஆட்டத்தில் ஒடியும். ஒரு குச்சியை மீடியாவில் ஊன்றி, பழைய பருத்திப் புடவைக் கிழிசலால் கட்டினேன்.

எப்போது தண்ணீர் விடுவது என்பதைச் சமையலறைத் தராசுதான் கற்றுக்கொடுத்தது. ஊற வைத்து வடித்ததும் 420 கிராம். நன்றாகக் காய்ந்தபோது 310. தினம் காலையில் நிறுத்து ஒரு மாதம் நோட்டில் எழுதினேன். 340க்கு வந்தால் தொட்டிச் சுவரில் ஒட்டிய வேர்கள் வெள்ளியாகிவிடுவதைக் கவனித்தேன். அதுதான் ஊற்ற வேண்டிய நேரம். ஆகஸ்டில் மூன்று நாளுக்கு ஒரு முறை வந்தது; நவம்பர் மழையில் எட்டு நாள்கூட ஆனது. வாரம் இருமுறை என்று நாள் கணக்கு வைத்து ஊற்றுவது நம் ஊருக்கு ஒத்துவராது. இப்போது தராசு வேண்டியதில்லை, கையில் தூக்கினாலே தெரிகிறது.

தண்ணீரின் அளவு சரியான பிறகும் வேர் நுனிகள் பழுப்பாகிக் கருகின. கரித்துண்டுகள் மேல் வெள்ளைப் படிவு. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வாங்கி எங்கள் போர் தண்ணீரில் வைத்தேன்: 1,340. துளசியும் செம்பருத்தியும் மண்ணில் இருப்பதால் சமாளிக்கின்றன. ஆர்க்கிட்டின் திறந்த வேருக்கு அந்த உப்பு நேராகப் படுகிறது. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் வைத்தால் 28. அதையே மட்டும் ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து போதாமல் போகும் என்று நான்கு பங்கு ஏசி தண்ணீருக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் கலந்தேன். 290 வந்தது. மழைக்காலத்தில் மொட்டை மாடி மழைநீர், முதல் மழையை விட்டுவிட்டுப் பிடித்தது. இரண்டே மாதத்தில் வேர் நுனிகள் பச்சையாக நீளத் தொடங்கின. இரண்டரை ஆண்டு அனுபவத்தில் ஒரே ஒரு செலவைத்தான் செய்யலாம் என்றால் அந்த மீட்டருக்குத்தான் செய்வேன், உரத்துக்கு இல்லை. உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு), லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு முறை, வேர் நனைந்த பிறகு. நான்காவது வாரம் வெறும் தண்ணீரால் மீடியாவை அலசிவிடுவேன்.

அந்த அக்டோபரில் ஏற்காடு போனோம். அங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. மரத்தைக் கட்டிக்கொண்டு போகிற வேர்களை நேரில் பார்த்தபோது, என் தொட்டியும் துளையும் எல்லாம் அந்த மரப்பட்டையின் நகல் என்று பட்டது. கூட வந்த ஒருவர் "இது புல்லுருவிதானே, மரம் பட்டுப்போகாதா" என்று கேட்டார். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்தில் தங்க மட்டும் இடம் கேட்கிறது, சாப்பாட்டை அதுவே பார்த்துக்கொள்கிறது. நம் தமிழ்நாட்டுக் காடுகளிலேயே வாண்டா டெசலேட்டா போன்ற அழகான இனங்கள் உண்டு. அவற்றைக் கண்டால் படம் எடுங்கள், பிய்த்து வராதீர்கள். ஆர்க்கிட் விதை தூசி போன்றது, உள்ளே சேமித்த உணவு கிடையாது. மண்ணிலோ மரப்பட்டையிலோ உரிய பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். காட்டில் ஒரு செடி பூக்கும் வயதுக்கு வர வருடங்கள் ஆகும். 1922இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் பூஞ்சை இல்லாமலேயே சர்க்கரை கலந்த ஊடகத்தில் விதையை முளைக்க வைத்துக் காட்டினார். அந்த வழியும் பின்னால் வந்த திசு வளர்ப்பும்தான் இன்றைக்கு ஆர்க்கிட்டை நம் வீட்டு விலைக்குக் கொண்டுவந்தன. நர்சரிச் செடி அவ்வளவு எளிதாகக் கிடைக்கும்போது காட்டில் கை வைக்கக் காரணமே இல்லை.

ஏற்காட்டிலிருந்து வந்த தைரியத்தில் ஆறு டெண்ட்ரோபியம் கன்றுகள் கூரியரில் வரவழைத்தேன். சென்னைக்கு முதல் ஆர்க்கிட் வாங்குகிறவர்களுக்கு நான் டெண்ட்ரோபியத்தைத்தான் சொல்வேன். கல்யாண மேடையில் பார்க்கிற ஊதா வெள்ளைப் பூ, சோனியா வகை. வெயிலையும் வெக்கையையும் தாங்கும். கிழக்கு பால்கனியில் 50 சதவீத ஷேடு நெட் இதற்குப் போதும். ஃபெலனாப்சிஸுக்கு 75 சதவீதம். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் குறைவு, பூக்காது. வெளிர்பச்சை சரி. செம்மை தட்டினால் வெயில் அதிகம். மதியம் இலையைத் தொட்டுப் பார்ப்பேன். கைக்குச் சுட்டால் நெட் இன்னொரு மடிப்பு.

ஆறில் இரண்டு போயின. கேரளத்தில் செய்வது போல முழு மட்டையில் கட்டி வைத்தேன். கோடையில் பத்து மணிக்கே காய்ந்தது, மழைக்காலத்தில் காயவே இல்லை. மீந்த நான்கையும் பக்கமெல்லாம் துளை போட்ட மண் தொட்டியில், கரியும் ஓடும் மட்டுமே போட்டு மாற்றினேன்.

டெண்ட்ரோபியத்தில் ஒரு தவறு என்னுடையது. பூத்து முடிந்து இலை உதிர்ந்த தண்டுகளைக் காய்ந்த குச்சி என்று நினைத்து இரண்டை அடியோடு வெட்டிவிட்டேன். அந்தத் தண்டு, வளர்ப்பவர்கள் கேன் என்பார்கள், செடியின் சேமிப்புக் கிடங்கு. இலை இல்லாவிட்டாலும் பச்சையாக இருக்கும் வரை புதுத் தண்டுக்குச் சோறு போடும், சில சமயம் மீண்டும் பூக்கவும் செய்யும். சுருங்கிப் பழுப்பாகி உள்ளீடற்றுப் போனால் மட்டும் வெட்டலாம். வெட்டாமல் விட்ட ஒரு கிழட்டுக் கேனின் மேல் கணுவில் அடுத்த ஆனியில் குட்டிச் செடி ஒன்று, வேரோடு முளைத்தது. ஹவாய் மொழியில் குழந்தை என்று பொருள்படும் கெய்க்கி என்ற பெயர்தான் எல்லோரும் சொல்வது. வேர் இரண்டு அங்குலம் ஆனதும் பிரித்து நட்டேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மின்சாரம் போய், கீழே தெருவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது செடி ஞாபகமே இல்லை. சாரல் இரண்டு நாள் விடாமல் பால்கனிக்குள் அடித்திருக்கிறது. வெளிச்சம் வந்து பார்த்தபோது, டெண்ட்ரோபியத்தின் புதுமுளைகள் இரண்டு கறுத்து, அழுத்தினால் நீர் கசிந்தன. கறுப்பு ஏறாத நல்ல திசு வரை வெட்டி, பூஞ்சைமருந்து தெளித்து, ஒரு வாரம் தண்ணீரே காட்டாமல் ஃபேனுக்கு முன்னால் வைத்தேன். செடிகள் பிழைத்துவிட்டன. ஆனால் அந்த ஈரத்தில் பயறு அளவு நத்தைகள் குடியேறிவிட்டன. பகலில் மட்டைக்குள் ஒளிந்து, இரவில் வேர் நுனியைத் தின்னும். வீட்டில் பூனை இருப்பதால் விஷக் குருணை போடவில்லை. வெள்ளரித் துண்டை மாலையில் மீடியா மேல் வைத்து, இரவு பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பொறுக்கினேன். முதல் இரவு 19. இரண்டு வாரத்தில் ஒன்றும் இரண்டுமாகக் குறைந்தது. மாவுப்பூச்சிக்கு ஸ்பிரிட் தொட்ட பஞ்சு போதும்.

ஃபெலனாப்சிஸ் மட்டும் இலையும் வேருமாகச் செழித்து, பூவைப் பற்றி நினைக்கவே இல்லை. அதற்குப் பூக்கக் குளிர்ச்சி வேண்டும். சில வாரங்கள் தொடர்ந்து வெப்பநிலை 25 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால்தான் பூந்தண்டு கிளம்பும். சென்னையில் அது கிடைப்பது மார்கழியிலும் தையிலும்தான், அதுவும் இரவில். முந்தைய ஆண்டு பனிக்குப் பயந்து ஹாலுக்குள் வைத்து அந்த வாய்ப்பைக் கெடுத்திருந்தேன். 2024 ஜனவரி முழுதும் இரவில் திறந்த ஜன்னலோரம் வைத்தேன். தை பிறந்து பத்து நாள் இருக்கும், மேலிருந்து இரண்டாவது இலையின் அடியில் ஒரு பச்சை நுனி. வேரா பூந்தண்டா என்று மூன்று நாள் தெரியவில்லை. வேர் நுனி உருண்டு மழுங்கி இருக்கும். இதன் நுனி தட்டையாக, கிளி மூக்கு போல ஒரு பக்கம் மடிந்திருந்தது. நான்காம் நாள் அது மேல் நோக்கி வளைந்ததும் சந்தேகம் தீர்ந்தது.

ஏழு மொட்டு. ஏப்ரல் முதல் வாரம் வெயில் ஏறியதும் ஹாலுக்குள் கொண்டுவந்தேன். நுனி மொட்டுகள் இரண்டும் மஞ்சளாகி உதிர்ந்தன. தண்ணீர், வேர், பூச்சி, எல்லாம் சோதித்துவிட்டு, அதே மூலையில் மாங்காய் பழுக்க வைத்திருந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தேன். பழுக்கும் காயிலிருந்து வருகிற எத்திலீன் வாயு மொட்டை உதிர்க்கும். பெட்டியை அன்றே அடுக்களைக்குத் தூக்கினேன். மீதி ஐந்தும் விரிந்தன. முதல் பூ விரிந்த அன்று நாத்தனாருக்கு வீடியோ கால் போட்டேன். "அண்ணி, நான் குடுத்ததா அது?" என்று கேட்டுவிட்டு அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஜூன் முதல் வாரம் வரை பூ நின்றது.

இப்போது ஆடி. நேற்று தொட்டியை உயர்த்திப் பார்த்தபோது மட்டைத் துண்டுகள் விரலால் நசுக்கினாலே மாவாகின்றன. இரண்டு வருடத்தில் மட்டை மக்கிவிடும்; மக்கினால் ஈரம் பிடிக்கும், காற்று நிற்காது. ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றியாக வேண்டும். புதிதாக ஓர் அங்குலத் துண்டுகள் வெட்டி நீலப் பக்கெட்டில் ஊறப்போட்டிருக்கிறேன். இன்று நான்காம் நாள், தண்ணீர் இன்னும் டீ நிறத்தில்தான் இருக்கிறது. இஸ்திரிக்காரர் கரி எடுத்துவைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.